இன்னிக்கி எத்தினி மில்லி?

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிய என் வீட்டுக்காரர், டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவருக்கு முகமெல்லாம் வேர்வை. நான் மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். பட்டுப்புடவையோடு ஆட்டோவில் ஏறி மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் சிரித்தார். “கிட்னியில கல்லு. ஏழு மில்லிமீட்டர். தண்ணி நெறைய குடிங்க, பாக்கலாம்.”

ஊசி போட்டு வலி அடங்கியதுதான் தாமதம், கட்டிலில் படுத்தபடியே போனை எடுத்தார். “ஏழு மில்லிமீட்டராம் மச்சான்! ஆமா, ஏழு. உனக்கு அப்ப எத்தினி இருந்திச்சு? அஞ்சா? அப்ப எனக்குத்தான் ஜாஸ்தி.” தம்பிக்கு ஒன்று, கடைப் பையனுக்கு ஒன்று, மண்டபத்தில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று. நாங்கள் திரும்பி வந்தபோது மணமேடையில் நின்ற மாப்பிள்ளைக்குக்கூட அந்த ஏழு தெரிந்திருந்தது. ஏதோ மெடல் வாங்கிய மாதிரி எல்லோரிடமும் விரலை வைத்து அளவு காட்டிக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காக அவர் வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துவிட்டபோது கைக்கு வந்த வாசனை என்னோடு மண்டபம் வரை வந்துவிட்டது. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. சோப்புக்கும் மருந்துக்கும் நடுவில் ஒன்று. வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு குளிர்ச்சி. கை கழுவினேன், மல்லிகைச் சரத்தை முகர்ந்தேன், போகவில்லை. ஒரு காலத்தில் மாதத்தில் பாதி நாள் அந்த வாசனையோடுதான் நான் சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு பஸ் ஏறியிருக்கிறேன். எனக்கும் மில்லிமீட்டர் கணக்கு இருந்தது. அதை யாரிடமும் போன் போட்டுச் சொன்னதில்லை.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் புவனகிரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவருக்கு மெயின் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். அத்தை காலையில் களை வெட்டக் கொல்லைக்குப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவார். அதிகம் பேச மாட்டார். குழந்தை ஏன் இல்லை என்று ஒருநாள்கூட என்னைக் கேட்டதில்லை. ஆனால் சொந்தத்தில் யாருக்காவது வளைகாப்பு என்று போய் வந்தால், அன்று சாயந்திரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவார். அந்த அரிசியில் கல்லே இருக்காது. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். அவர் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது: மாத்திரை சாப்பிட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் எடுத்துக் கருமுட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதினெட்டு மில்லிமீட்டர் வந்தால் ஊசி. அது வெடிக்கும். அப்புறம் கடவுள் விட்ட வழி. வளராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், “பதினெட்டுன்னா எம்மாம் இருக்கும்?” நான் கணக்கு டீச்சர், ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று பாடம் நடத்தினேன். அவர் தலையாட்டினார். அன்று சாயந்திரம் கடையிலிருந்து வந்தவர் கையில் ஒரு ஸ்பேனர். “இது பதினெட்டு. இந்த வாய்க்குள்ள நிக்கிற அளவுதான். பெரிய நட்டு இல்ல, வந்துடும்.” சமையலறை வாசலில் கிரீஸ் கையோடு நின்று அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்தது. அத்தை கேட்டுவிடப் போகிறார் என்று பயந்து அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன். காஸ் அடுப்பு. அதை எதற்கு ஊத வேண்டும்?

மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். படி ஏறினால் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று சொல்லும் போர்டு, ரோஸ் கன்னத்தோடு ஒரு குழந்தைப் படம், தண்ணீர் கேன். பாதிப் பேர் வயிறு தள்ளியவர்கள். மீதிப் பேர் எங்களைப் போல. யார் எந்தப் பக்கம் என்று உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் சாய்ந்து உட்காருவார்கள். நாங்கள் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு நுனியில் உட்காருவோம்.

உள்ளே ஒரு திரைதான், கதவு இல்லை. படுக்கையில் கால்களை மடக்கி, பச்சைத் துணியை இழுத்து மூடிக்கொண்டு கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக் கிடக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாள். டாக்டர் அவளுக்குச் சொல்லுவார்: “ரைட்ல பதினொண்ணு, பத்து. லெஃப்ட்ல ஒண்ணும் இல்ல.” சத்தமாகத்தான் சொல்லுவார், ஃபேன் சத்தத்தில் அவளுக்குக் கேட்க வேண்டுமே. வெளியே இருக்கும் நாற்காலிகளுக்கும் கேட்கும். புடவையைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கி வரும்போது அத்தனை முகமும் என் பதினொன்றைப் பார்ப்பதுபோல இருக்கும். பரீட்சையில் மார்க்கை உரக்கப் படிப்பார்களே, அதைவிடக் கேவலமாக இருந்தது எனக்கு. பரீட்சைக்காவது படித்திருக்கலாம். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பள்ளியில் சீக்கிரம் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். பல் வலி என்று சொல்லி வைத்திருந்தேன். மாதா மாதம் பல் வலி. பிரின்சிபால் அம்மா ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்களுக்கு மொத்தம் எத்தன பல்லு டீச்சர்?” என்று கேட்டார்.

அதே வாரம் வகுப்பில் அளவுகள் பாடம். பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்று போர்டில் எழுதியதும், முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “மிஸ், அவ்ளோ சின்னதா எத மிஸ் அளப்பாங்க?” சாக்பீஸைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். “மழை” என்றேன் கடைசியில். “நியூஸ்ல சொல்லுவாங்க இல்ல, இத்தனை மில்லிமீட்டர்னு.” நல்ல வேளை, எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் உடனே புயல் கதைக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாற்காலி வரிசையில்தான் ஜமீலா பழக்கமானாள். லால்பேட்டை. என்னைவிடச் சின்னவள். புருஷன் சவுதியில். அவர் லீவில் வரும்போதுதான் அவளுக்கு வைத்தியம், அதனால் எல்லாவற்றிலும் அவசரம். வெட்கம் என்பதே அவளுக்குக் கிடையாது என்று நான் நினைத்தேன். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கு பன்னெண்டோட நின்னுபோச்சுக்கா. ஒங்களுக்கு?” என்பாள், காய்கறி விலை விசாரிப்பதுபோல. நான் விரலால் மடியில் எழுதிக் காட்டுவேன். “அட, வாயால சொல்லுங்கக்கா. களவா பண்ணிட்டோம்?” என்று சிரிப்பாள். பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுப்பாள். “இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் இருவது” என்பாள். அவளைப் பார்க்கப் போகிறோம் என்பதால்தான் சில நாள் படி ஏறவே கால் வந்தது.

ஜமீலா வராத ஒரு நாளில்தான் அது நடந்தது. நான் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். “டீச்சர்!” என்று ஒரு குரல். என் வகுப்பில் படிக்கும் கவினுடைய அம்மா. வயிறு தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. “நீங்களா! சொல்லவே இல்ல! எத்தினி மாசம்?”

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெட்கம் வந்தால் முகம் தானாகச் சிரித்துவிடும். என் அப்பாவின் சாவு வீட்டில்கூட யாரோ தெரியாமல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது சிரித்துத் தொலைத்தவள் நான். அன்றும் சிரித்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். போய்ப் படுத்தேன். பதிமூன்று என்றார் டாக்டர். வெளியே வந்தபோது கவின் அம்மாவை வேறு அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்குள் நுழைகிறேன். பிரேயரில் பிரின்சிபால் அம்மா எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். தமிழ் டீச்சர் என் கையிலிருந்து நோட்டுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு, “இனிமே நீங்க வெயிட் தூக்கக் கூடாது” என்றார். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்து, பையன்தான் என்று அடித்துச் சொன்னாள். நான் ஒவ்வொருவரிடமும் “அது வந்து...” என்று ஆரம்பிப்பேன். அதற்குள் அடுத்தவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். பல் வலிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு. மதியம் பாத்ரூமில் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன். சாயந்திரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அப்போதுதான் உறைத்தது.

தெரிந்துதான் விட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை கொல்லைக்குப் போகாமல் நடையில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல புடவை கட்டியிருந்தார். மடியில் வாழையிலையில் சுற்றிய மல்லிகை, பக்கத்தில் ஒரு பை மாதுளம்பழம். கவினுடைய பாட்டியைக் கடைத்தெருவில் பார்த்தாராம். அத்தை என்னைத் திட்டவில்லை. கோபம்கூட இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்தே இராத ஒரு கூச்சம் அவர் முகத்தில். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நா இன்னா ஊரெல்லாம் தமுக்கா அடிக்கப் போறேன்?” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவது? “இல்ல அத்த” என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி, “ஒண்ணும் இல்ல அத்த. அவுங்க தப்பா நெனச்சிட்டாங்க. நாங்க வைத்தியம்தான் பாத்துகினு இருக்கோம்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மல்லிகை வாசனை வீடு முழுக்க இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். வண்டிப் பெட்டியைத் திறந்து அந்தப் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து அம்மா எதிரில் குந்தினார்.

“இந்தா பாரும்மா. முட்ட இது வரிக்கும் வளரணும். வளந்துச்சுன்னா ஊசி போடுவாங்க. அவ்ளோதான். கொற இவகிட்ட மட்டும் இல்ல. எனக்கும் டெஸ்ட்டு எடுத்தாங்க. எனக்கும்தான் மாத்திர குடுத்துக்கிறாங்க.”

கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார். அது எனக்கும் அவருக்கும் அந்த லேடி டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கியிருந்தவர் அவர்தான்.

அத்தை ஸ்பேனரை வாங்கினார். அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டார், பிறகு பெருவிரல் நுனியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப எத்தினி இருக்குது?”

“பதிமூணு அத்த.”

“அப்ப இன்னும் அஞ்சுதான?”

வாங்கின பூவை என்ன செய்வது என்று சொல்லி, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லித் தலையில் வைத்துவிட்டார்.

மறுநாள் பிரின்சிபாலிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். “அதனால என்ன டீச்சர்” என்றார் அவர், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாற்காலி போடுவது நின்றது. தமிழ் டீச்சர் நோட்டுக் கட்டை ஒன்றும் சொல்லாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டு அவ்வளவு கனமாக எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கவின் அம்மா மட்டும் வாசலில் காத்திருந்து, “என் வாயி சும்மா இருக்காது டீச்சர், மன்னிச்சிக்கங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிறு என் மேல் படாமல் தள்ளி நின்றாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

தெருவை அத்தை பார்த்துக்கொண்டார். எப்படி என்கிறீர்களா? குழாயடியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மருமகளுக்கு வைத்தியம் நடக்கிறது, முட்டை இப்போது பதிமூன்று, பதினெட்டு வர வேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நான் தலைமுறை தலைமுறையாக மூடி வைக்க வேண்டியதென்று நினைத்ததை அவர் தவலையில் தண்ணீர் நிரம்புவதற்குள் சொல்லி முடித்துவிட்டிருந்தார்.

அதிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். பூக்காரம்மா கேட்பார், “இன்னிக்கி எத்தினி மில்லி?” இட்லி மாவு விற்கும் அக்கா, தையல்கார வீட்டுப் பெண், எல்லோரும். “பதினாலுதானா? முருங்கக்கீர தின்னு.” “எள்ளு நல்லது.” “பதினஞ்சு வந்துடுச்சாமே, பரவால்ல.” மில்லி என்றால் எங்கள் தெரு ஆண்களுக்கு வேறு அர்த்தம். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர், டீச்சரம்மா கணக்கு வைத்து அடிக்கிறாங்களா என்று என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். நான் தலையை நிமிர்த்தாமல் நடப்பேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, எண்ணை முணுமுணுத்துவிட்டு ஓடுவேன். ஜமீலாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒங்க மாமியார எங்க தெருவுக்கு ஒரு மாசம் அனுப்புங்கக்கா. எங்கள்ல யாரும் ஒண்ணும் கேக்கவே மாட்டாங்க. நா ரூமுக்குள்ள வந்தா பேச்ச நிறுத்திடுவாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒரு மாதம் இருபது வந்தது. ஊசி போட்டார்கள். தெருவே விரல் விட்டு நாள் எண்ணியது. நான் உண்டாகியிருப்பதை இந்த முறை டாக்டரே கைகொடுத்துச் சொன்னார், நிஜமாகத்தான். வீட்டுக்காரர் கடையை அன்று மதியமே சாத்திவிட்டார். அத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் குழாயடியில் நின்ற தோரணையிலேயே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு அத்தையும் வந்தார். முதல் தடவையாக நான் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கருப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. “மூணு மில்லிமீட்டர் இருக்கு. இதயத்துடிப்பு இன்னும் தெரியல. சீக்கிரமா பாத்துட்டோம்னு நெனைக்கிறேன். பத்து நாள் கழிச்சு வாங்க.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூக்காரம்மா கேட்டார். அத்தை மூன்று விரலைக் காட்டினார். “இப்ப புள்ளையே மூணு மில்லி” என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பத்து நாளும் நான் வகுப்பில் ஸ்கேலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மூன்றாவது கோட்டில் கட்டைவிரல் போய் நின்றுவிடும். பூஜ்யத்திலிருந்து அங்கே வரைக்கும். ஒரு எள்ளுக்குச் சமம். இப்போது ஐந்தாகியிருக்கும், எட்டாகியிருக்கும் என்று கணக்குப் போடுவேன்.

போனோம். மூன்றுதான் இருந்தது. துடிப்பு இல்லை. டாக்டர் இந்த முறை கம்ப்யூட்டர் பெண்ணுக்கு எண்ணை மெதுவாகச் சொன்னார்; அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஒரே ஒரு தடவை மூக்கைச் சிந்தினார். ஸ்டாப்பில் பூக்காரம்மா வாயெல்லாம் சிரிப்பாக எழுந்தார். “இன்னிக்கி எத்தினி?”

“அதே மூணுதான்” என்றார் அத்தை.

பூக்காரம்மா உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெரு அன்றைக்கு இருந்த மாதிரி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது, நம்புவீர்களா? அத்தனை பேர் எனக்காகக் காத்திருந்தார்கள், அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டதுபோல. வீட்டுக்குள் போய்ப் படுத்தவள் பல நாள் எழவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, வயிற்று வலி, அதெல்லாம் வேண்டாம், விடுங்கள்.

அத்தை மட்டும் ஒன்று செய்தார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தார். வெந்நீர் காய்ச்சி இடுப்புக்கு ஊற்றினார். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, நல்லெண்ணெய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குத் தாங்கவில்லை. “எதுக்கு அத்த இதெல்லாம்? நா இன்னா புள்ளையா பெத்தேன்? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

தட்டைக் கீழே வைத்தார். “எவ சிரிப்பா? மூணு மில்லியா இருந்தா இன்னா, உள்ள இருந்திச்சு இல்ல? ஒடம்புக்குத் தெரியுமா அது சின்னதா பெருசான்னு? தின்னு.”

தின்றேன். அவர் எதிரில் உட்கார்ந்து தட்டு காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சில மாதம் போனோம். பதினாறு, பன்னிரண்டு, ஒரு தடவை பத்தொன்பது. அப்புறம் ஒரு மாதம் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. நிறுத்திவிடலாம் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே நின்றுபோனது.

ஜமீலாவிடமிருந்தும் போன் வருவது நின்றிருந்தது. அவளும் வைத்தியத்தை விட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பழ வண்டியருகே அவளைப் பார்த்தேன். நான் கையசைப்பதற்குள் சட்டென்று வண்டிக்குப் பின்னால் மறைந்தாள். சுற்றிக்கொண்டு போனேன். கருப்பு புர்காவுக்குள் வயிறு நன்றாகத் தெரிந்தது, ஏழு மாதமாவது இருக்கும். இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு நிற்கிறாள். களவா பண்ணிட்டோம் என்று கேட்ட அதே ஜமீலா.

“ஒங்களுக்கு எப்டி சொல்றதுன்னு தெரிலக்கா” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் கைகளை விலக்கி, புர்காவின் மேல் என் கையை வைத்தேன். உள்ளே ஏதோ ஒன்று உதைத்தது. பஸ்கள் கிளம்புவதும் வருவதுமாக இருந்தன. நாங்கள் இருவரும் பழக்காரர் விரட்டும் வரை அங்கேயே நின்றோம். பையனாம். அவன் பிறந்த கொஞ்ச நாளில் புருஷனோடு சவுதிக்கே போய்விட்டாள். அவள் எண்ணில் இப்போது யாரோ ஒரு ஆண் எடுத்து, ராங் நம்பர் என்கிறார்.

அந்த ஸ்கேன் சென்டர் இருந்த மாடியில் இன்று செல்போன் கடை. பூக்காரம்மா மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார். வீட்டுக்கு வீடு குழாய் வந்ததில் தெருக்குழாயைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். அத்தை போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கடைசி வரை கொல்லைக்குப் போனார், ஆனால் வைத்தியம் நின்ற பிறகு குழந்தையைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது நானும் அவரும்தான்.

இப்போது வைத்தியமெல்லாம் வேறு மாதிரி. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் காரில் போய் வருகிறார்கள். போனிலேயே நேரம் வாங்கிக்கொள்ளலாம், தனித்தனி அறை, கதவு இருக்கிறது. நல்லதுதான். நானும் அப்படித்தானே ஆசைப்பட்டேன்.

கல்யாணம் முடிந்து கடலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், வீட்டுக்காரர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி ஏறினாள். கையில் ஒரு நீல ஃபைல். என்னைக் கண்டதும் அதைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டு, இடம் இருந்தும் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய்ச் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். கேட்டால் அவள் எவ்வளவு குறுகிப்போவாள் என்பது எனக்குத் தெரியாதா? புவனகிரி வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். இறங்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், அவ்வளவுதான். தெருவில் யாரும் இல்லை. அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை இருந்திருந்தால் பஸ்ஸிலேயே கேட்டிருப்பார்.